பல்லடத்தில் முதல் பில்

செப்டம்பர் 3, புதன்

காலை பத்தேகாலுக்குச் சேலம் ரோட்டில் எவனோ குழி வெட்டி நம் இன்டர்நெட் லைனை அறுத்துவிட்டான். மாலை மூன்றரை வரை பதினொரு கிளைகளிலும் பில் போட முடியவில்லை. கோழித்தீவன லாரிகள் பல்லடத்திலும் உடுமலையிலும் ஓசூரிலும் லோடோடு நின்றன. பண்ணைகளுக்குப் போயிருந்த கால்நடை டாக்டர்கள் பத்தொன்பது பேரும் போனைப் போட்டு என்னைத்தான் திட்டினார்கள். சாப்பிடக்கூட நேரமில்லை. ஆனாலும் இந்தக் கம்பெனியில் ஏதாவது நின்றுபோனால் எல்லோர் வாயிலும் வரும் பெயர் அருணகிரி. பதினான்கு வருஷமாக அப்படித்தான்.

ஐந்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார். நல்லமுத்து முதலாளிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை கூடிவிடும். "அருணு, எல்லாக் கிளையும் நாமக்கல் வழியாத்தான் போகோணும்னு யாருங்க வெச்சது?" என்றார். நான்தான் வைத்தேன் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கிளைக்கும் நானே நெட்வொர்க் பெட்டி வாங்கி, நானே மாட்டி, எல்லாவற்றையும் நாமக்கல் தலைமை அலுவலகத்துக்கு இழுத்து வைத்தது பெரிய சாதனை என்று பொங்கலுக்குச் சால்வை போர்த்தியவரும் அவர்தான்.

கோவையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வரப்போகிறாராம். கிளைகளையும் வெளியில் அலையும் ஆட்களையும் பத்திரமாக இணைக்க எந்த ஏற்பாடு சரி என்று பார்த்துச் சொல்வாராம். வரட்டும்.

கேஸ் புக் செய்ய வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆலோசகர் வந்தார். ஜெயசுதா! பாலிடெக்னிக்கில் என் வகுப்பு. மூன்று வருஷமும் நான் முதல், அவள் ஏழாவதோ எட்டாவதோ. "அருணகிரி! நீங்களா? உங்க லேப் நோட்ட வாங்கி எழுதித்தானே நான் பாஸே பண்ணேன்" என்று முதலாளி முன்னாலேயே சிரித்தாள். முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. "அட, ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவீங்களா? அப்பறம் என்ன அம்மணி, வேல சுளுவாப் போச்சு."

அவளுக்கு முதலாளி வீட்டிலிருந்து வெள்ளி டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பேப்பர் கப். இதையெல்லாம் நான் கவனிக்கிற ஆள் இல்லை.

சர்வர் அறையைக் காட்டத் தயாராக இருந்தேன். அவள் நேரே எடைமேடைக்குப் போய், அங்கிருந்த ஆளிடம் அன்றைக்கு லைன் போனபோது என்ன செய்தீர்கள் என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

வெளியிலிருந்து நம் கம்ப்யூட்டருக்குள்ளே வருகிறவர்களின் பட்டியல் கேட்டாள். கொடுத்தேன். மதியம் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அருணகிரி, டாக்டர் வேலுச்சாமின்னு ஒருத்தர். தெனமும் காலைல ஆறரைக்குப் பல்லடத்துலேர்ந்து உள்ள வர்றாரு. அவர் எறந்து ரெண்டு வருஷமாச்சாமே?" என்றாள்.

பல்லடத்து ஆட்கள் தீவனக் கலவை விகிதத்தைப் பார்க்க அவருடைய ஐடியைத்தான் இன்னும் பயன்படுத்துகிறார்கள். புது ஐடிக்குக் கடிதம், கையெழுத்து என்று அலைய வேண்டும், அதனால் நான்தான் இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். கலவை விகிதம் கம்பெனி ரகசியம் என்பது எனக்குத் தெரியாதா?

"முதலாளிகிட்ட சொல்லப் போறீங்களா?" என்றேன்.

"எதுக்கு? சரி பண்ணிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொல்லித் தொலைத்திருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போட்டிருப்பேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தலைவலி. வீட்டில் கோமதி ரசம் வைத்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து படம் போட்டுக் காட்டினார்கள். மூவருமே ஒரே படத்தைத்தான் காட்டினார்கள், நடுவில் கிளவுட் என்று வரைந்த மேகத்தின் நிறம்தான் வேறு. எல்லோரும் போன பிறகு முதலாளி, "எனக்குப் புரியற மாதிரி யாராச்சும் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"சார், இப்ப பல்லடத்துலேர்ந்து உடுமல போற லாரியும் நாமக்கல் வந்துட்டுத்தான் போகுது. புது ஏற்பாட்டுல நேராப் போயிரும். ஒவ்வொரு கிளைக்கும் ரெண்டு லைன். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணுக்குத் தானா மாறிக்கும். அப்பறம், இப்ப கேட்ல வாட்ச்மேன் ஒரு தடவ பாத்து விட்டுட்டா, உள்ள வந்தவரு குடோனுக்கும் போலாம், உங்க ரூமுக்கும் போலாம். புதுசுல ஒவ்வொரு கதவுலயும் கேப்பாங்க. பண்ணைல இருக்கற டாக்டர் எங்கிருந்து வந்தாலும், அவருக்கு வேண்டிய ஒரு கதவு மட்டும் தெறக்கும்."

முதலாளி லாரி வைத்துப் பிழைத்த குடும்பம். கண் விரிந்துவிட்டது.

நான் விடவில்லை. "அவங்க மேகம் படுத்துருச்சுன்னா என்னங்க பண்றது? நம்ம பெட்டி நம்ம கைல இருந்தா நாம பாத்துக்கலாம்" என்றேன்.

"அருணகிரி கேக்கறதுதான் முக்கியமான கேள்வி" என்றாள் அவள். "மேகத்தோட தொடர்பு போனாலும் கிளைப் பெட்டி கடைசியா வந்த விதிகள வெச்சு ஓடணும். அதைச் செய்யாத கம்பெனிய இன்னைக்கே நீக்கிரலாம்." மூன்றில் ஒன்று அப்போதே அடிபட்டது. முதலாளி அவளைப் பார்த்து, "எப்படிக் கேக்கறாங்க பாரு அருணு!" என்றார்.

கேட்டது நான்.

செப்டம்பர் 18, வியாழன்

நான்கு கிளைகளுக்கு ஒரே காரில் போய் வந்தோம். ஒவ்வொரு இடத்திலும் லைன் எந்தப் பக்கமாக வருகிறது, பெட்டி எங்கே இருக்கிறது, டாக்டர்கள் எந்த போனில் வேலை பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தாள். டாக்டர்களுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு என்பதை மட்டும் எழுதாமல் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்த்தேன்.

பல்லடம் கிளையைப் பார்த்துக்கொள்ளும் சென்னியப்பண்ணன் இத்தனை வருஷத்தில் எனக்கு இளநீர் வெட்டியதில்லை. அவளுக்கு வெட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் கோமதி கரண்டியை வைத்துவிட்டு, "ஜெயசுதாங்கற பேர இன்னைக்கு ஒம்பது தடவ சொல்லீட்டீங்க" என்றாள். இவள் எதையோ நினைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, எரிச்சலாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். "எரிச்சல்னா அத்தன தடவ சொல்ல மாட்டாங்க" என்றாள். மனைவிக்குப் புரியவைக்க என்னால் முடியாது.

செப்டம்பர் 22, திங்கள்

ஒரு கம்பெனி மிஞ்சியிருக்கிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் வெள்ளோட்டம். சரியாக நடந்தால் பதினொரு கிளைக்கும் அதுவே. சொதப்பினால் என் பழைய ஏற்பாட்டையே புதுப்பெட்டி போட்டுத் தொடரலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். என் காதால் கேட்டேன்.

தானாக மாறிக்கொள்ளும், தானாகச் சரிசெய்துகொள்ளும் என்கிறார்கள். எல்லாம் தானாக நடந்தால் அருணகிரி எதற்கு? இதை யாரும் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

தேதி குறித்தாள். அக்டோபர் ஒன்று, ஆயுத பூஜை. லோடிங் கிடையாது, பில் கிடையாது, மாலை நான்கு மணிக்கு இங்கிருந்தே மாற்றிவிடலாம் என்றாள். மறுநாள் விஜயதசமி காலையில் முதலாளி பல்லடம் போய் முதல் பில்லைத் தன் கையால் போடுவார். அவர் அப்பா தொடங்கிய முதல் கிளை அது, நல்ல நேரம் பார்த்துத்தான் போடுவார். அந்த பில் நின்றால் அந்த ஏற்பாடே கம்பெனிக்கு ஆகாது என்று தூக்கி எறிந்துவிடுவார். இதை அவளுக்கு நானே சொன்னேன். மறைக்கவில்லை.

"அன்னைக்கு சாயங்காலம் கரண்ட் இருக்குமில்ல?" என்று கேட்டாள்.

"மின்தடை எதுவும் அறிவிக்கல" என்றேன்.

அது பொய் இல்லை. மின்வாரியத்தின் பட்டியலை மறுபடியும் பார்த்தேன். உண்மையிலேயே அறிவிக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

இரண்டு கிளைகளிலும் புதுப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். இப்போதைக்குப் பழைய வழியிலேயே ஓடுகிறது. புதன்கிழமை புது மென்பொருளை ஏற்றிப் புது வழிக்குத் திருப்ப வேண்டும். பல்லடத்தில் கழற்றிய என் பழைய பெட்டி பார்சலில் வந்தது. தூசி தட்டித் துண்டில் சுற்றிக் காரின் டிக்கியில் வைத்தேன். அலுவலகத்தில் இடம் இல்லை.

சென்னியப்பண்ணனோடு போனில் பேசினேன். நலம். மகளுக்கு ஏழாவது மாதமாம். பூ விலை ஏறிவிட்டதாம்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காலையில் சர்வர் அறைக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டேன். முதலாளி பொரிகடலை கொடுத்தார்.

நான்கு மணிக்கு ஆரம்பித்தாள். உடுமலை இருபது நிமிஷத்தில் முடிந்தது. அங்கே ஒரு லைனைப் பிடுங்கச் சொன்னாள், திரையில் ஒரு சிமிட்டல், அவ்வளவுதான், மற்றதில் ஓடியது. நன்றாக இருக்கிறதே என்று எனக்குப் பயம் வந்தது.

பல்லடம் ஏறிக்கொண்டிருந்தது. நாலு நாற்பத்தைந்துக்கு, அறுபது சதவீதத்தில், அணைந்துவிட்டது. அடுத்த லைனும் இல்லை. எதுவுமே இல்லை.

சென்னியப்பண்ணனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பூச முடிஞ்சுதுங்க அம்மணி. கற்பூரம் காட்டி, பூசணிக்கா ஒடச்சு, கரண்டு மெயின் பீஸ் கட்டையப் புடுங்கிச் சாமி படத்துக்கு முன்னால வெச்சாச்சு. கருவிக்கெல்லாம் இன்னைக்கு ஓய்வுங்க. நாளைக்கு எமகண்டம் கழிஞ்சு ஏழரைக்கு மேலதான் போடுவனுங்க."

"அண்ணா, பாதியில நிக்குது. அஞ்சே நிமிஷம் போட்டுட்டு எடுத்தர முடியுங்களா?"

"பூச போட்டதத் தொடறதுக்கு எனக்குக் கை வராதுங்க அம்மணி. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் போனை வைத்தாள். பாதியில் நின்றால் பெட்டி பழைய பிரதியில் எழுந்து மிச்சத்தை ஏற்றிக்கொள்ளும் என்று கம்பெனிக்காரன் சொல்லியிருக்கிறான், ஆனால் யாரும் கண்ணால் பார்த்ததில்லையாம். செத்துப்போகவும் வாய்ப்பு உண்டாம். அவள் திரையை மறுபடி மறுபடி ரீஃப்ரெஷ் செய்து பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நோட்டிலாவது பொய் எழுத வேண்டாம். நன்றாக, வயிறு குளிர, சந்தோஷமாக இருந்தது.

அவள் முதலாளிக்கு போன் செய்தாள். "சார், பல்லடத்துல கரண்ட் விஷயத்த நான் சரியா விசாரிக்காம விட்டுட்டேன். என் தப்பு." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னிடம் கேட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் இருந்த பொரியை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

காலையில் என் காரில் பல்லடம் போகலாம் என்று நானே சொன்னேன்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். காங்கயம் தாண்டியதும், "பெட்டி போயிருந்தா என்ன பண்றது?" என்றாள். "பாத்துக்கலாம்" என்றேன். டிக்கியில் என் பெட்டி இருந்தது. புதுப் பெட்டி எழாது, முதலாளியின் முகம் சுருங்கும், அந்த நேரத்தில் நான் போய்ப் பழையதை எடுத்து வந்து பத்து நிமிஷத்தில் மாட்டுவேன், முதல் பில் விழும், 'அருணுவை விட்டா யாரு?' என்பார். இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏழு முப்பத்தைந்துக்குச் சென்னியப்பண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு பீஸ் கட்டையைச் செருகினார். புதுப் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். விளக்கு சிவப்பாக ஒருமுறை சிமிட்டி நின்றது. போதும் என்று நான் காருக்கு ஓடினேன். முதலாளி வர இன்னும் கால் மணி நேரம்.

துண்டோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சென்னியப்பண்ணன் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க வெசனப்படாதீங்க அம்மணி. அருணு தம்பிக்குத் தெரியுமுங்களே. திங்கக்கெழமகூட போன் பண்ணி, 'அண்ணா, இந்த வருசமும் பீசப் புடுங்குவீங்களா, எத்தன மணிக்கு?'ன்னு கேட்டுச்சுங்க. நாலே முக்காலுக்குன்னு சொன்னனே. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். துண்டுக்கு வெளியே வால்போலத் தொங்கிய வயரையும் பார்த்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காது மட்டும் சுட்டது.

அந்த நேரத்தில் அந்தப் பெட்டி, என் பரம எதிரி, தானாகப் பச்சை காட்டியது. விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை ஏற்றிக்கொண்டு, இரண்டு லைனையும் பிடித்துக்கொண்டு, நான்கு நிமிஷத்தில் எழுந்துவிட்டது. யாரும் தொடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து முதல் பில்லைப் போட்டார். மஞ்சள் தடவிய காகிதத்தில் பில் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாதியில கரண்ட் போயும் தானா எந்திரிச்சுதா? இதுக்கு மேல என்ன வெள்ளோட்டம்? பதினொண்ணுக்கும் இதையே போடுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அதென்னப்பா அருணு, கைல கொழந்தயாட்டம்?"

சென்னியப்பண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான்தான் சார் எடுத்துட்டு வரச் சொன்னேன்" என்றாள் ஜெயசுதா. "ஒருவேள எந்திரிக்கலன்னா மாட்டிக்கலாம்னு."

முதலாளி அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "முன்யோசனைன்னா இதுதாம்ப்பா அருணு. பக்கத்துலயே இருக்கற, பாத்துக் கத்துக்க."

மூன்று நாள் முன்னால் அதைத் துடைத்துத் துண்டில் சுற்றி வைத்தது நான். திருட்டுத்தனம் என்னுடையது, அந்தப் பாராட்டும் அவளுக்கே போனது. அந்தப் பெட்டியோடு நின்றபடி தலையை ஆட்டினேன்.

திரும்பும்போது காங்கயத்தில் டீ குடித்தோம். "ஜெயசுதா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பேச வேண்டாம் அருணகிரி. எனக்கு நெஜமாவே கோவம் இருக்கு. பேசினா ஏதாச்சும் சொல்லிருவேன்." டம்ளரை வைத்தாள். "பீசப் புடுங்குவாங்கன்னு எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மீதி ஒம்பது கிளையிலயும் இந்த மாதிரி என்னென்ன இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. அது போதும்."

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். தாராபுரத்தில் யூபிஎஸ் பிளக்கில் மதியம் ஒன்று முதல் இரண்டு வரை சோறு வேகும். தர்மபுரியில் பெட்டிக்கு மேலே புறா கூடு கட்டும், ஆடி மாதம் யாரும் கலைக்க மாட்டார்கள். ஆத்தூரில் மாலை விளக்கு வைத்த பிறகு மானேஜர் பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டார், அதற்கு முன் யார் கேட்டாலும் சொல்லுவார். டாக்டர்களின் பொதுப் பாஸ்வேர்டையும் எழுதினேன், எந்த வருஷத்திலிருந்து என்பதையும். பதினான்கு வருஷம் என் தலையில் மட்டும் இருந்தது, முப்பத்தேழு வரிகளில் அடங்கிவிட்டது. இனி எவனும் படித்துக்கொள்ளலாம். எழுதி முடித்தபோது அழுகை வந்தது, கோமதி பார்க்கும் முன் முகத்தைக் கழுவினேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஓசூர். அங்கே இரண்டு கம்பெனிகளின் இரண்டு லைன்கள் என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் இரண்டு கேபிளும் பாலத்துக்கு அடியில் ஒரே குழாயில் வருகின்றன. புதைத்த அன்று நான் அங்கே நின்றிருந்தேன். ஒரு கடப்பாரை விழுந்தால் இரண்டும் போகும். புதுப் பெட்டி என்னதான் தானாக மாறினாலும் மாறுவதற்கு லைன் இருக்காது. அன்றைக்கு எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று, மீதிப் பட்டியலை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

தூக்கமில்லை. காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டாவது வரியையும் அனுப்பினேன். 'ஓசூர் விட்டுப்போச்சு' என்று எழுதினேன். விட்டுப்போகவில்லை என்று எழுதக் கை வரவில்லை.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'இது வருமான்னுதான் நேத்து ராத்திரி வரைக்கும் பாத்துட்டிருந்தேன். ஓசூர்ல ரெண்டு லைனும் ஒரே நிமிஷத்துல விழுந்து ஒரே நிமிஷத்துல எந்திரிக்கறத மொத வாரமே லாக்ல பாத்துட்டேன். பட்டியல உங்க பேர் போட்டு முதலாளிக்கு அனுப்பிட்டேன், முப்பத்தெட்டோட.'

முதல் வாரமே தெரிந்திருக்கிறது. முதலாளியிடம் சொல்லவில்லை. நான் சொல்வதற்காக இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

எட்டு மணிக்கு முதலாளி கூப்பிட்டு, "பிரமாதம்ப்பா அருணு, ஒண்ணு விடாம எழுதியிருக்கியே" என்றார். பதினான்கு வருஷமாக நான் காத்திருந்த குரல் அது. நன்றி சொல்லிவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். வயிறு எரிகிறது. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்துவிட்டுப் போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைவிட நல்லவளாகவும் இருக்க வேண்டுமா?